ஒட்டிய நிரல் ஏன் ஓடுவதில்லை?

ஒருவரது கணினியில் பிசகின்றி ஓடிய இரண்டு வரிக் கட்டளை, அரட்டைச் செயலி வழியாக இன்னொருவரிடம் வந்து சேர்ந்ததும் பிழை காட்டி நின்றுவிடுவதை நிரல் எழுதுவோர் பெரும்பாலும் ஒருமுறையேனும் கண்டிருப்பார்கள். அனுப்பிய வரியையும் வந்த வரியையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாலும் வேறுபாடு எதுவும் தெரியாது. திரையில் நாம் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிறோம்; கணினியோ அந்த வடிவத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படிக்கிறது. வடிவம் ஏறத்தாழ அப்படியே இருக்க எண் மட்டும் வழியில் மாறிப்போவதே இத்தகைய கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம்.

மேற்கோள்குறியை எடுத்துக்கொள்வோம். நிரல் மொழிகள் எதிர்பார்க்கும் இரட்டை மேற்கோள்குறி, எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கி 1963இல் வெளியான ஆஸ்கி அட்டவணையில் 34 என்ற எண்ணைப் பெற்ற நேரான குறியாகும். சொற்செயலிகளும் கைபேசி விசைப்பலகைகள் சிலவும், அச்சில் அழகாக இருக்கட்டும் என்று அதனை வளைந்த குறிகளாகத் தாமாகவே மாற்றிவிடுகின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் அவற்றின் எண்கள் 8220, 8221. பைத்தான் இதைக் கண்டதும் 'செல்லாத எழுத்துக்குறி' என்று உடனே நிறுத்திவிடும், அது நல்லதே. நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் லினக்ஸ் ஷெல் அப்படிச் செய்வதில்லை. அதற்கு வளைந்த குறி மற்றோர் எழுத்து மட்டுமே என்பதால், கடவுச்சொல்லை ஒரு மாறியில் வைக்கும் வரியை ஒட்டினால், எந்த முணுமுணுப்பும் இன்றி அந்த இரு குறிகளையும் கடவுச்சொல்லின் பகுதியாகவே சேர்த்துக்கொள்ளும். பிறகு தரவுத்தளம் உள்ளே விட மறுக்கும்போது, நாம் தரவுத்தளத்தில் குற்றம் தேடிக்கொண்டிருப்போம். சத்தம் போடும் பிழையைவிட இவ்வாறு வாய்மூடி இருக்கும் பிழையே அதிக நேரத்தைத் தின்னும் என்பது என் அனுபவம்.

கட்டளை விருப்பங்களுக்கு முன்வரும் இரண்டு சிறுகோடுகள் ஒரே நீண்ட கோடாக இணைந்துவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. அரட்டைச் செயலிகள் இன்னொரு படி மேலே போகின்றன: ஒரு சொல்லின் இருபுறமும் உடுக்குறி இருந்தால் தடித்த எழுத்து என்றும், அடிக்கோடு இருந்தால் சாய்ந்த எழுத்து என்றும் பொருள்கொண்டு, அக்குறிகளையே விழுங்கிவிடுகின்றன. துணுக்குகளை மூன்று பின்சாய்வு மேற்கோள்குறிகளுக்கு நடுவே வைத்து அனுப்பும் வழக்கம், உள்ளே இருப்பதைத் தொடாதே என்று செயலியிடம் சொல்லும் ஏற்பாடாகும்.

இடைவெளியிலும் வகைகள் உண்டு. வழக்கமான இடைவெளியின் எண் 32. வரி முறியாதிருக்க இணையப் பக்கங்களில் இடப்படும் இடைவெளியின் எண் 160. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஷெல் சொற்களைப் பிரிக்க 32ஐ ஏற்குமே தவிர 160ஐ ஏற்காது என்பதால், 160 வந்தால் கட்டளையும் அதற்கு அடுத்த சொல்லும் ஒட்டி ஒரே நீண்ட பெயராகி, 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்ற விடை வரும். அகலமே இல்லாத 8203 என்ற இடைவெளி இன்னும் மோசம், ஏனெனில் அது இருக்கும் இடத்தில் கண்ணுக்கு எதுவுமே தெரியாது.

வரி முடியும் இடத்தில் இருக்கும் சிக்கலுக்கு வயது அதிகம். தொலைவிலிருந்து வந்த செய்தியைக் காகிதத்தில் அச்சிட்ட டெலிடைப் பொறிகளில் புதிய வரியைத் தொடங்க இரண்டு செயல்கள் தேவைப்பட்டன: அச்சுத்தலையை இடப்பக்கத்துக்குக் கொண்டுவர 13, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள 10. இவ்விரண்டையும் சேர்த்தே எழுதும் பழக்கம் சிபிஎம், எம்எஸ்-டாஸ் ஆகிய பழைய இயங்குதளங்கள் வழியாக விண்டோஸுக்கு வந்து சேர்ந்தது. மல்டிக்ஸ் என்ற முந்தைய இயங்குதளத்தைப் பின்பற்றிய யூனிக்ஸோ 10 மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டது. ஆகவே விண்டோஸில் சேமித்த ஷெல் நிரலை லினக்ஸில் ஓட்டும்போது, முதல் வரியில் குறிப்பிட்ட பாஷ் என்ற ஷெல்லின் பெயரின் வாலில் 13 ஒட்டிக்கொள்ள, அந்த வாலுடன் கூடிய நிரலைத் தேடிப்பார்த்த இயங்குதளம் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கைவிரிக்கிறது. ஷெல் கோப்புகளில் வரிமுடிவு எப்போதும் 10 மட்டுமே என்று நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தின் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தால், குழுவில் யார் எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இத்தொல்லை வராது. விண்டோஸின் நோட்பேட், 10 மட்டும் உள்ள கோப்புகளைச் சரியாகக் காட்டத் தொடங்கியது 2018இல்தான்.

டேப் விசை தரும் 9ஆம் எண்ணும் இப்படியொரு வரலாற்று எச்சமே. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய, நிரல்களைக் கட்டமைக்கும் மேக் கருவியில், கட்டளை வரிகள் டேப்புடன்தான் தொடங்க வேண்டும். அது வசதியற்றது என்று அவர் உணர்ந்தபோது கருவியைச் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தர மனமின்றி அப்படியே விட்டுவிட்டார். யாமல் அமைவுக் கோப்புகளிலோ சட்டம் நேர்மாறு: உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது. இதனால், டேப்பை இடைவெளிகளாக மாற்றும் வழியாக வந்த மேக் துணுக்கு உடைந்துபோகும். இடைவெளிகளை டேப்பாக மாற்றும் உரைதிருத்தியில் ஒட்டப்பட்ட யாமல் துணுக்கும் அவ்வாறே.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனிப்பங்கு உண்டு. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமமானவை, திரையிலும் ஒன்றே. ஆனால் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். மொழிபெயர்ப்புக் கோப்பில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் 'இல்லை' என்று சொன்னால், இரு பக்கத்தையும் யூனிகோடின் இயல்பாக்க முறையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ஒட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. இணையப் பக்கத்தில் தெரியும் வரிக்கு நடுவே கண்ணுக்கு மறைக்கப்பட்ட எழுத்துகளை வைத்து, நகலெடுக்கும்போது அவையும் கூடவே வரும்படி செய்ய முடியும். ஒட்டியதில் 10 இருந்தால், நாம் என்டர் விசையை அழுத்தியதாகவே எண்ணி ஷெல் அக்கட்டளையை நிறைவேற்றிவிடும். இதைத் தடுக்க, ஒட்டப்படும் உரையின் தொடக்கத்திலும் முடிவிலும், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினல் ஒரு சிறப்பு அடையாளத்தை வைக்கும் முறை உருவானது. 2020 டிசம்பரில் வெளியான பாஷ் 5.1 முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பௌச்சர், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர், அரபி, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான திசைக் குறிகளைக் கொண்டு, படிப்பவருக்கு ஒரு வரிசையிலும் நிரல்மாற்றிக்கு வேறொரு வரிசையிலும் தெரியும் நிரலை எழுத முடியும் என்று காட்டினார்கள்.

சந்தேகம் வந்த துணுக்கைக் கண்ணால் மீண்டும் மீண்டும் படிப்பதில் பயனில்லை. லினக்ஸில் அதைக் கோப்பாகச் சேமித்து, கேட் கட்டளையைப் பெரிய எழுத்து 'ஏ' விருப்பத்துடன் இயக்கினால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் டாலர் குறி தோன்றும். விண்டோஸ் வரிமுடிவு என்றால் டாலருக்கு முன்னால் காரட் குறியும் (^) 'எம்' எழுத்தும் நிற்கும். டேப், காரட்டும் 'ஐ' எழுத்துமாக வெளிப்படும். ஆஸ்கிக்கு வெளியே உள்ள குறி எதுவாயினும் பொருந்தாத எழுத்துகளின் கூட்டமாக வரியின் நடுவே துருத்திக்கொண்டு தெரியும்.