வாட்ச் காட்டும் தூக்கக் கணக்கில் எதைப் பார்ப்பது?

கோவையில் தூக்கக் கோளாறுகளுக்குச் சிகிச்சை பார்க்கிற என்னிடம், இப்போது பலரும் முதலில் நீட்டுவது, ஸ்மார்ட் வாட்சின் தூக்கக் கணக்கு தெரிகிற செல்போனைத்தான். "ஆழ்ந்த தூக்கம் 40 நிமிசம்தான் காட்டுதுங்க டாக்டர். ஏதாச்சும் கோளாறுங்களா?"

தூக்கத்தின் நிலைகளைப் பிரிக்க மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, தாடைத் தசையின் இறுக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்களை ஒட்டி, இரவு முழுக்க எடுக்கிற பாலிசோம்னோகிராபி அதைத்தான் செய்கிறது. மணிக்கட்டு வாட்ச் இதற்கு முக்கியமாக நம்புவது கையசைவையும், தோலின்மேல் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கிற நாடித்துடிப்பையும்தான். மீதி ஊகம். மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பது ஓரளவு சரியாக வரும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கத்தில் சேர்த்துவிடும்.

அதனால் தூக்கத்துக்கு வாட்ச் போடுகிற மார்க்கைப் பார்த்துக் கலங்காதீர்கள். மார்க் குறைகிறதே என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் எழுதி, 'ஆர்த்தோசோம்னியா' என்று பேரும் வைத்தார்கள்.

நான் பார்ப்பது இரண்டு வாரத்துப் படுத்த நேரமும் எழுந்த நேரமும். பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கும், ஏற்றுமதி ஆர்டர் நெருக்கத்தில் விடிய விடிய நிற்கிற திருப்பூர்க்காரர்களுக்கும் அந்த நேரம் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறியிருக்கும். சோர்வுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பகல் தூக்கத்தைச் சில கருவிகள் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. நைட் ஷிப்ட்காரர்கள் தினசரி காலண்டர் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தாலே எனக்குப் போதும்.

அப்புறம், ஒரு பழக்கத்தை மாற்றிப் பார்க்க வாட்ச் நன்றாக உதவும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் பலருக்கு உடம்பில் இருக்கும். அந்தக் காபியையோ டீயையோ ஒரு வாரம் நிறுத்திவிட்டு, தூங்கிய நேரம் கூடுகிறதா என்று பாருங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது நல்ல மார்க் வாங்குகிறவர்கள்தான். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், "வாட்ச்ல நல்லாத்தானுங்க வருது" என்று பரிசோதனைக்கு மறுத்தார். கூட வந்த மனைவி சொன்னார்: "குறட்டை விட்டுட்டே இருப்பாருங்க, திடீர்னு மூச்சே வராது. அப்புறம் திணறி இழுப்பாரு." தூக்கத்தில் தொண்டை அடைத்து 10 விநாடிக்கு மேல் மூச்சு நிற்பது, மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ நடந்து, பகலில் அசதியும் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படுகிற நோய். ரத்த அழுத்தத்தைக் கூட்டும். பகலில் ஸ்டியரிங்கில் கண் சொருக வைக்கும். வாட்ச் நல்ல மார்க் போடுவதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் ஆக்சிஜன் மானி மாட்டி, பலருக்கு வீட்டிலேயே ஒரே இரவில் பரிசோதித்துவிடலாம். உறுதியானால் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபாப் கருவி நல்ல பலன் தரும்.

ஆகவே டாக்டரிடம் வரும்போது பக்கத்தில் படுப்பவரைக் கூட்டி வாருங்கள். லாரியிலேயே தூங்குகிறவர் என்றால் கிளீனரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். லாரி ஓனர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஓட்டும்போது கண் சொருகுகிறது என்று டிரைவர் சொன்னால், பரிசோதித்துச் சிகிச்சை பலன் தருகிறவரை அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதற்காக அவர் வேலையையும் பறிக்காதீர்கள்.