கீறல் விட்ட பிறகு ஏன் இத்தனை நேரம்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “அமெரிக்காவில் கழுகுக் கூட்டை நேரலையில் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டையில் சின்னதாக ஓட்டை தெரிந்தது. இதோ வந்துவிடும் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ராத்திரி வரை ஒன்றும் நடக்கவில்லை. தாய்க் கழுகு குனிந்து பார்க்கிறது, மறுபடி மேலே உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவு பெரிய அலகை வைத்துக்கொண்டு ஒரு கொத்து கொத்தி உதவினால்தான் என்ன?”

பத்து வயதில் எனக்கும் இதே சந்தேகம் வந்தது. அதன் விளைவாக ஒரு கோழிக்குஞ்சு செத்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் பார்த்தது கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கரையில் இருக்கும் கூடாகத்தான் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயர மலை, அங்கே ஒரு ஜெஃப்ரி பைன் மரம், அதில் சுமார் 145 அடி உயரத்தில் கூடு. ஜாக்கி பெண், ஷேடோ ஆண். இருவரும் வெண்தலைக் கழுகுகள். (சில பத்திரிகைகள் ‘மொட்டைக் கழுகு’ என்று எழுதுகின்றன. தலை நிறைய இறகு இருக்கிறது, மொட்டை எங்கே வந்தது? அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய வழக்கில் வெள்ளை என்றும் பொருள் உண்டு.) 2023, 2024 இரண்டு ஆண்டும் இந்த ஜோடியின் முட்டைகள் பொரியவில்லை. 2024 பிப்ரவரிப் பனிப்புயலில் ஜாக்கி அறுபது மணி நேரத்துக்கும் மேல் எழுந்திருக்காமல் அடைகாத்தது. இருந்தும் மூன்றுமே கூமுட்டை.

2025இல் மறுபடி மூன்று முட்டை: ஜனவரி 22, 25, 28. பொரிந்தது மார்ச் 3, 4, 8. தேதிகளைக் கவனித்தீர்களா? மூன்று நாள் இடைவெளியில் இட்ட முதல் இரண்டும் ஒரு நாள் வித்தியாசத்தில் வெளியே வந்துவிட்டன. முட்டை இட்ட அன்றே கரு முழுவேகத்தில் வளர ஆரம்பிப்பதில்லை, சூடு கிடைக்க வேண்டும். முதல் முட்டையின் மேல் தாய் தொடக்கத்தில் அரைகுறையாகவே உட்காரும். அடை இறுகிய பிறகுதான் வளர்ச்சிக் கடிகாரம் ஒழுங்காக ஓடும்.

சூடு எப்படிப் போகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும் ஓர் இடம், அடியில் நெருக்கமான ரத்தக் குழாய்கள், அது முட்டையைத் தொட வேண்டும். ஷேடோவும் முறை வைத்து உட்காரும். கூட்டுக்குள் நடக்கும்போது இரண்டும் நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டியால் நடப்பதுபோல் நடக்கும். மீனைக் குத்தித் தூக்கும் நகம் அல்லவா.

சரி, ஓட்டுக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் ஓடுதான் நாயகன். நூறு கிராம் சொச்சம் எடையுள்ள முட்டையின் மேல் ஐந்து கிலோ தாய் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்கிறது. உடையக் கூடாது. ஆனால் அதே ஓட்டைக் கடைசியில், கழுத்தைக்கூட நிமிர்த்த முடியாத ஒரு குஞ்சு உள்ளேயிருந்து உடைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஓட்டில் எப்படிச் சாத்தியம்?

குஞ்சு அந்த ஓட்டைத் தின்றுகொண்டே வளர்கிறது என்பதுதான் விடை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி மஞ்சள் கருவில் இல்லை, ஓட்டில் இருக்கிறது. கருவைச் சுற்றி வளரும் மெல்லிய சவ்வு ஒன்று ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிப் படர்கிறது. முழுக்க ரத்த நாளங்கள். அது ஓட்டின் உள்முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ரத்தத்தில் சேர்த்து எலும்புக்கு அனுப்புகிறது. கால் எலும்பு உறுதிப்பட உறுதிப்பட, சுவர் உள்ளிருந்து பலவீனமாகிறது. வெளியே தாய் உட்காரும் வலிமை மட்டும் மிச்சம்.

அந்தச் சவ்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குஞ்சின் நுரையீரல் அதுதான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே வரும் ஆக்சிஜனைச் சவ்வின் ரத்தம் வாங்கிக்கொள்ளும், கரியமில வாயுவை வெளியே தள்ளும். அடைகாத்து முப்பத்தைந்து நாளைத் தாண்டும்போது குஞ்சு பெரிதாகிவிடுகிறது, துளைகள் அதே அளவில்தான் இருக்கின்றன. காற்று போதவில்லை, கரியமில வாயு கூடுகிறது. அதுதான் எழுப்புமணி. பிடரியில் இதற்கென்றே தடித்திருக்கும் ஒரு தசை வெட்டிவெட்டி இழுக்கிறது. தலை துள்ளுகிறது. மேலலகின் நுனியில் முளைத்திருக்கும் ‘முட்டைப்பல்’ என்ற சின்ன முள், முதலில் கிழிப்பது ஓட்டை அல்ல, உள்சவ்வை. முட்டையின் மழுங்கிய பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கும், அவித்த முட்டையை உரிக்கும்போது அங்கே ஒரு குழி தெரியுமே, அதுதான். அலகு அதற்குள் நுழைந்ததும் குஞ்சு முதல் மூச்சை இழுக்கிறது. ஓடு இன்னும் முழுசாகவே இருக்கிறது, உள்ளிருந்து கீச்சுக்குரல் மட்டும் கேட்கும். ஜாக்கி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பது அதைத்தான்.

காற்றறையில் இருப்பது எத்தனை நேரத்துக்கு வரும்? அதுவும் தீர, மறுபடி திணறல், மறுபடி துள்ளல். இந்த முறை ஓட்டில் அடி விழுகிறது. வாசகி பார்த்த ஓட்டை அதுதான்.

அதற்குப் பிறகு குஞ்சு சும்மா இருக்கிறது. ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். பார்ப்பவர்களுக்குப் பதற்றம். உள்ளே என்ன நடக்கிறதென்றால், வேலை கைமாறுகிறது. நுரையீரல் பொறுப்பை எடுத்துக்கொள்ள, சவ்வின் ரத்தம் மெல்ல மெல்ல உடம்புக்குள் திரும்புகிறது, நாளங்கள் வற்றி மூடுகின்றன. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு, பையோடு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. வெளியே வந்தபின் முதல் ஓரிரு நாள் பசியை அதுவே சமாளிக்கும். எல்லாம் உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் குஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே முட்டையோட்டை வட்டமாக அறுத்து, டப்பா மூடிபோலத் தள்ளித் திறக்கிறது.

இப்போது என் கோழிக்குஞ்சு. அம்மாச்சி வீட்டில் அடைவைத்த முட்டை ஒன்று கீறல் விட்டு அரை நாளாகியும் அசையவில்லை. பாவம் என்று நகத்தால் உரித்தேன். இரண்டாவது சில்லு வரும்போதே ரத்தம். ஓட்டில் எங்கிருந்து ரத்தம் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் வற்றாத அந்தச் சவ்வைத்தான் கிழித்திருக்கிறேன். ‘இடிச் சத்தம் கேட்ட முட்டை, அதான்’ என்றார் அம்மாச்சி. இடிக்குக் காப்பாக இரும்பு ஆணியும் கரித்துண்டும் முட்டைகளுக்கு நடுவே அவர்தான் போட்டு வைத்திருந்தார். ஆணி இருந்தும் பழி இடிக்கே போனது. மூடநம்பிக்கையில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்: தவறு செய்த பையனைக்கூட அது தப்ப விட்டுவிடுகிறது.

ஓட்டின் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதை இந்தக் கழுகுகள் ஒரு தலைமுறைக்கு முன்பு விலை கொடுத்துக் காட்டின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வயல்களில் கொட்டிய டிடிடி என்ற பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்னும் கழுகில் குவிந்தது. அது சிதைந்து உண்டாகும் டிடிஈ, தாயின் முட்டைப்பையில் ஓட்டுக்குச் சுண்ணாம்பு ஏற்றும் நொதியைத் தடுத்துவிடும். ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களிலும் சேர்த்து எண்ணினால் 417 ஜோடிகள்தான் கூடு கட்டியிருந்தன.

ஓடு மெலிந்தது எப்படித் தெரிந்தது? பழைய ஓட்டோடு ஒப்பிட்டால்தானே தெரியும். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற பறவை ஆய்வாளர் பழைய சேகரிப்புகளிலிருந்த வல்லூறு முட்டைகளை எடைபோட்டு, 1947 வாக்கில் ஓட்டின் எடை சட்டென்று இறங்கியிருப்பதை 1967இல் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஹிக்கி, ஆண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 39 சேகரிப்புகளிலிருந்து 1,729 முட்டை ஓடுகளை அளந்து அதையே கண்டார்கள். ஆமாம், ராமானுஜனின் டாக்சி எண்! எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஊதிக் காலி செய்த முட்டைகளை இழுப்பறையில் நூறு வருஷம் பத்திரமாக வைத்திருக்கப் பணம் வேண்டும் என்று இன்று ஒருவர் விண்ணப்பம் போட்டால், ‘இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?’ என்ற கட்டத்தை எப்படி நிரப்புவார்? நம் பல்கலைக்கழகங்களில் பாடம் செய்த பறவைகளைக் கரையான் தின்பதைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன்.

1972இல் அமெரிக்காவில் டிடிடி தடையானது. 2007இல் வெண்தலைக் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. 2021இல் வெளியான அரசுக் கணக்கில் அதே 48 மாநிலங்களில் 71,000க்கு மேல் ஜோடிகள்.

ஜாக்கியின் மூன்று குஞ்சுகளில் ஒன்று மார்ச் மாதப் பனிப்புயலில் இறந்துபோனது. சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்த மற்ற இரண்டும் ஜூனில் பறந்தன. தலை வெளுக்க இன்னும் நாலைந்து வருஷம் ஆகும்.

ஆகவே அம்மா, அடுத்த முறை கீறல் தெரிந்தால் அடுப்பை அணைக்க வேண்டாம். சமைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள். அதுவரைக்கும் அது உள்ளேதான் இருக்கும்.