எழுதாமல் விட்ட பறவை

பொங்கல் விடுமுறையில் காரைக்குடிப் பக்கம் கண்மாய்க் கரையில் விடிந்ததும் விடியாததுமாக ஐந்தாறு பேர் பைனாகுலரும் நோட்டுமாக நடந்தால், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று புரிந்துகொள்ளலாம். 2015 முதல் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது.

போன தடவை நாங்கள் போனபோது கரையில் நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஓட்டில் கீறல்கூட இல்லை, சதை மட்டும் இல்லை. நத்தைகுத்தி நாரையின் வேலை. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு அதற்கு. கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்து, சதையை அப்படியே உருவிவிடும். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் காக்கும் வேட்டங்குடி சரணாலயத்திலும் இந்த நாரைகளைப் பார்க்கலாம். ஓடு குவிந்திருந்தால் நத்தை வாழும் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது.

சரி, பறவை நிறைய இருந்தால் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஊரணியில் சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மண்டினாலும் நீலத் தாழைக்கோழி வரும். நெடுங்கால் உள்ளான் கழிவுநீரிலும் நின்று மேயும். கருப்பு வெள்ளை மீன்கொத்திதான் போய்விடும். அது அந்தரத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்ணால் பார்த்த பிறகே பாயும். தண்ணீரை இலை மூடிவிட்டால் அதற்கு அங்கே பிழைப்பு ஏது?

அதனால்தான் காக்கா, மைனா உட்பட அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுதச் சொல்கிறோம். பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு தளத்தில் இதை முழுப் பட்டியல் என்பார்கள். அபூர்வமானதை மட்டும் எழுதினால், மீன்கொத்தி அங்கே இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதியிருந்தால், பட்டியலில் இல்லாததும் தகவல்தான். நூறு பட்டியலில் எத்தனையில் மீன்கொத்தி வந்தது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் ஏற்ற இறக்கம் தெரியும். நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் என்பதையும் குறிக்க வேண்டும். பத்துப் பேர் இரண்டு மணி நேரம் பார்த்ததும் ஒருவர் கால் மணி நேரம் பார்த்ததும் ஒன்றாகாது. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டதற்கும், 30,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி எழுதிய பட்டியல்களே அடிப்படை.

கூட்டமாகப் போவதில் இன்னொரு லாபம்: புதருக்குள் கத்தும் கானாங்கோழியை யாராவது ஒருவர் காதாலேயே பிடித்துவிடுவார்.

எங்கள் நோட்டில் மேற்குக் கரையில் மீன்கொத்தி பதிவாகி மூன்று நடை ஆகிவிட்டது. வரத்துக்காலில் சாக்கடை வந்து சேர்வதும் அந்தப் பக்கம்தான். அடுத்த நடையை அங்கிருந்தே தொடங்கப் போகிறோம்.