பக்கெட்டில் கலக்கும் கறுப்புப் பொடி

போன மாதம் ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு ரிப்பேர் வேலை பார்க்கப் போயிருந்தேன். கட்டி ஒன்பது வருஷம்தான் ஆகிறது, அதற்குள் சன்ஷேடில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அண்ணன் ஒரு பாக்கெட்டை நீட்டினார்: "கார்பன் நானோ ட்யூபாம் சார், பூச்சுக் கலவையில கொஞ்சம் போட்டா துருவே அண்டாதாம்." விலையைக் கேட்டு எனக்குத்தான் மூச்சு முட்டியது.

பொருள் பொய்யில்லை. 1991இல் ஜப்பான் விஞ்ஞானி சுமியோ ஈஜிமா எழுதியபின் உலகமே திரும்பிப் பார்த்த சங்கதி இது. கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னி, பாயைச் சுருட்டியதுபோல் குழாயாக நிற்கும். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இழுத்தால் எஃகைவிடப் பல மடங்கு தாங்கும், எடையோ ரொம்பக் குறைவு, மின்சாரமும் நன்றாகப் பாயும். லித்தியம் பேட்டரிகளில் ஏற்கெனவே சேர்க்கிறார்கள். இரும்பின்மேல் முதலில் அடிக்கும் துத்தநாக பிரைமரில் கலந்தால் துத்தநாகத் துகள்களுக்கிடையே மின் தொடர்பு அறாமல் இருக்கும், அதனால் குறைந்த துத்தநாகத்திலேயே இரும்பைக் காக்கலாம். படகுத்துறை, பாலம் என்று இரும்பு உள்ள நம் கடற்கரைக்கு எனக்குப் பிடித்த உபயோகம் அதுதான்.

ஆனால் இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிப்பதற்கு அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். கரண்டியால் கிண்டினால் கட்டி கட்டியாக நிற்கும், கட்டி நின்ற இடத்தில் பூச்சு பலமிழக்கும். போதாக்குறைக்கு, மின்சாரம் கடத்தும் இந்தக் கார்பன், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டால் சின்ன பேட்டரிபோல வேலை செய்து துருவை வேகப்படுத்தவும் கூடும்.

அதைவிட, உப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே! உப்பிலுள்ள குளோரைடு கம்பியின் பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும், துரு இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பிளக்காமல் என்ன செய்யும்? இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 கடற்கரைக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்), எம்30 தரக் கான்கிரீட் என்கிறது. அங்கே அளந்தேன், 20 கூட இல்லை. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை வைக்காமல் கம்பியைப் பலகைமேல் அப்படியே கிடத்தியிருக்கிறார்கள். கம்பிக்குப் பின்னால் வரை உடைத்துச் சுத்தம் செய்து பிரைமர் அடித்துத்தான் பூசியாக வேண்டும்.

அப்புறம் தூசி. சில வகை நீளமான குழாய்கள் எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி பாதிப்பு காட்டியிருக்கின்றன. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொத்தனார் கலக்கிற சமாச்சாரமில்லை.

யாராவது இப்படிப் பொடி விற்க வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மண்டபம் உப்புக்காற்றில் எத்தனை மாதம் வைத்துப் பார்த்தீர்கள்? காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியே துருச் சோதனைக்கு இங்கேதான் நிலையம் வைத்திருக்கிறது. அண்ணன் கேட்டாராம், விற்றவர் பிறகு போனையே எடுக்கவில்லை. பாக்கெட் பிரிக்காமல் பரணில் கிடக்கிறது.