ரத்தம் குறைந்த முகம் ‘ஃபேர்’ ஆகாது

வெளிநாட்டுப் பணிக்காக ஓ.இ.டி. எனும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வை எழுதும் செவிலியர்களின் பயிற்சிக் கடிதங்களைத் திருத்துவது என் தொழில். ரத்தம் இழந்து மயங்கி விழுந்த நோயாளியின் முகம் ‘ஃபேர்’ ஆக இருந்ததாகச் சொல்லும் கடிதம் இந்த வாரமும் வந்து சேர்ந்ததால், பொறுமையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஃபேர் என்பது ஒருவர் பிறந்த நிறம். உடல்நலம் கெட்டு முகம் வெளுத்தால் அது பேல். நோயாளி ஒயிட் என்று எழுதினாலோ, பிரிட்டிஷ் மருத்துவமனையில் அது இனத்தைக் குறிக்கும் சொல்லாகவே படிக்கப்படும். கோதுமை நிறத்தைக் குறிக்கும் வீட்டிஷ் என்ற சொல்லை மணமகள் தேவை விளம்பரங்களோடு விட்டுவிடுங்கள்.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, அரிய சொல்லைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கைதான். ரெட் என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களாம். ஆகவே அகராதியைத் திறந்து கிரிம்சன், ஸ்கார்லெட் என்று எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதாலேயே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது. கிரிம்சன் கதைகளில் வரும் அந்தி வானத்துக்குப் பொருந்தும்; தோல் தடிப்பை ஸ்கார்லெட் என்றால் மருத்துவருக்கு, சிவந்த தடிப்போடு வரும் தொற்றுநோயான ஸ்கார்லெட் காய்ச்சல் நினைவுக்கு வரும், நீங்கள் சொல்ல வந்ததோ வெறும் வேர்க்குருவாக இருக்கும். காய்ச்சலில் சிவந்த முகத்துக்கு ஃப்ளஷ்ட் என்ற எளிய சொல் போதும். தேர்வில் கேட்கப்படுவது ஏறத்தாழ 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம். நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்கு அது உதவுமா என்பதே அங்கு கேள்வி.

மலத்தின் நிறத்தில் இந்த அலட்சியம் ஆபத்தில் முடியும். இரைப்பையில் கசிந்த ரத்தம் செரிமானமாகி இறங்கும்போது மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்து வரும். அதற்கு பிளாக், டாரி என்ற இரண்டு சொற்களும் வேண்டும். வெறும் டார்க் என்று முடித்துவிட்டால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவரின் மலமும் அதில் அடங்கிவிடும். பித்தநாளம் அடைபட்டவருக்கு மலம் பேல், சிறுநீர் டார்க். பேல் வர வேண்டிய இடங்களிலெல்லாம் லைட் என்று எழுதிப் பழகியவர்கள் ஒருநாள் ரத்தத்தின் நிறத்தைச் சொல்ல லைட் ப்ளீடிங் என்றும் எழுதுவார்கள். படிப்பவர் உதிரப்போக்கு குறைவு என்று புரிந்துகொள்வார்.

பளிச்சென்று சிவந்த ரத்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் ‘சற்றே சிவந்த’ என்ற பொருளில் ரெடிஷ் என்று எழுதும் தயக்கம் எதற்கு? ப்ரைட் ரெட் என்றே எழுதுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது எதிர்பார்க்கக்கூடியதே. அதையும் ரெடிஷ் என்றால் ரத்தமோ என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடுவீர்கள்.

நிறச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ப்ளூயிஷ் லிப்ஸ் (நீலம் பாரித்த உதடுகள்), ரஸ்டி ஸ்புட்டம் (துருநிறச் சளி) என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதிவையுங்கள். பார்த்த இடத்தையும் குறிப்பிடுங்கள். கருத்த தோலில் வெளுப்பு முகத்தில் எளிதில் தெரியாது என்பதால் கீழிமையின் உட்புறத்தில் பார்த்தீர்களா, உள்ளங்கையில் பார்த்தீர்களா என்பது முக்கியம். இன்னொன்றையும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: தேர்வில் தரப்படும் நோயாளிக் குறிப்பில் பேல் என்று இருந்தால், சொந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி அதை ஃபேர் ஆக்கிவிடாமல், பேல் என்றே எடுத்து எழுதுங்கள்.