எதேச்சாதிகாரம் என்றால் என்ன? அதற்குத் தமிழ்ச் சொல் எது?

"அவரை எதேச்சையாகப் பார்த்தேன்" என்கிறோம். தற்செயலாகப் பார்த்தேன் என்று பொருள். அதே எதேச்சைதான் எதேச்சாதிகாரத்திலும் இருக்கிறது, அப்படியானால் அது தற்செயலாக வந்த அதிகாரமா என்று எனக்கு நெடுநாள் குழப்பம்.

சொல்லைப் பிரித்தால் தெளிந்துவிடும். வடமொழியில் யதா என்றால் 'எப்படியோ அப்படி', இச்சா என்றால் விருப்பம், இரண்டும் சேர்ந்து யதேச்சா, அதாவது விருப்பப்படி. யமன் எமனாகவும் யந்திரம் எந்திரமாகவும் மாறியதுபோல யதேச்சை நம் வாயில் எதேச்சை ஆயிற்று. அதனோடு அதிகாரம் சேர்ந்தால், ஆள்பவர் யாரையும் கேட்காமல், எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல், தன் மனம் போன போக்கில் செலுத்தும் அதிகாரம். எதற்கும் கட்டுப்படாமல் தன்பாட்டில் நடப்பது என்ற கருத்திலிருந்துதான் தற்செயல் என்ற பொருளும் கிளைத்திருக்கலாம்.

சரி, சர்வாதிகாரமும் இதுவும் ஒன்றா? பேச்சில் ஒன்றுதான், சொல்லளவில் இல்லை. சர்வ என்றால் எல்லாம். அதிகாரம் முழுவதும் ஒரே கையில் இருப்பதை அது சொல்கிறது, எதேச்சாதிகாரமோ அதை எப்படிச் செலுத்துகிறார்கள் என்பதைச் சொல்கிறது. சர்வாதிகாரி என்று நாம் மொழிபெயர்க்கும் 'டிக்டேட்டர்' பண்டை ரோமில் ஒரு பதவி: நெருக்கடி வந்தால் ஒருவரிடம் பெரும் அதிகாரத்தை முறைப்படி ஒப்படைப்பார்கள், அதுவும் 6 மாதத்துக்கு மேல் கிடையாது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசருக்கு அதுவே வாழ்நாள் பதவியானது. நம்மிடமும் சர்வாதிகாரி ஒரு காலத்தில் வசைச்சொல்லாக இருக்கவில்லை. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தலைமை ஏற்றவர்களைச் சர்வாதிகாரி என்றுதான் அழைத்தார்கள்.

அப்புறம், தமிழ்ச் சொல். பலர் உடனே சொல்வது கொடுங்கோன்மை. திருக்குறளின் 56ஆம் அதிகாரத்தின் பெயரே அதுதான், அருமையான சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. கொடு என்றால் வளைந்த. செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது. நீதி கோணிய ஆட்சியைத்தான் அது குறிக்கிறது. மக்களை வதைக்காமலேயே ஒருவர் தன் விருப்பப்படி மட்டும் ஆளலாம், அதுவும் எதேச்சாதிகாரம்தான். தன்னிச்சை என்று எழுதலாமே என்றால், அதற்குள்ளும் அதே இச்சை உட்கார்ந்திருக்கிறது.

வல்லாட்சியைச் சர்வாதிகாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதேச்சாதிகாரத்துக்கு நான் எடுப்பது தன்மூப்பு. யாரையும் மதிக்காமல் தானே முடிவெடுப்பதைத் 'தன்மூப்பாக நடக்கிறான்' என்போமே, அதேதான். தன்மூப்பாட்சி என்று எழுதிப் பாருங்கள், விளக்கம் கேட்காமலே புரியும்.