பனிக்கோடு மேலே ஏறுகிறது

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் வியர்வை வழிய நிற்பவர்கள் கொடிமலை உச்சியில் இறங்கியதும் சற்றே சிலிர்க்கிறார்கள். 1923 முதல் ஓடும் அந்த மலைரயிலில் கூட்டம் ஏறுவதே இந்தக் குளிர்ச்சிக்காகத்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிகிறது, விரியும்போது தன் வெப்பத்தை இழக்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 833 மீட்டர் உயரக் கொடிமலையில் ஏறக்குறைய 5 டிகிரி.

இமயத்திலும் ஆல்ப்ஸ் மலைகளிலும் குளிர்காலத்தைத் தீர்மானிப்பது இதே கணக்குதான். அங்கே ஏதோ ஓர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடுகிறது. அந்த உயரம்தான் பனிக்கோடு. அதை ஒட்டி, மேலே வெண்பனி விழும், கீழே மழை பெய்யும். காற்று 1 டிகிரி சூடானால் கோடு சுமார் 150 மீட்டர் மேலே போய்விடும். பனி அரிதான மலைகளிலும் இந்த ஏற்றம் தெரிகிறது: மலேசியாவின் சபா மாநிலத்துக் கினாபாலு மலையில் 1965இல் கணக்கெடுத்த அந்துப்பூச்சிகளை 2007இல் மறுபடி தேடியபோது, 102 இனங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலே குடிபெயர்ந்திருந்தன.

150 மீட்டர் கொஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. சரிவான மலைத்தொடரில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பட்டை. அந்தப் பட்டையில் வானம் தரும் நீரின் அளவு மாறாமலேயே குளிர்காலம் மாறிப்போகிறது. மழையாக விழுந்தது அன்றே ஓடைக்குப் போய்விடும். பனியோ மாதக்கணக்கில் சரிவிலேயே தங்கி, வயல் தண்ணீர் கேட்கும் வசந்தத்திலும் கோடையிலும் மெல்ல உருகி இறங்கும். யாரும் கட்டாத நீர்த்தேக்கம் அது. அதை இழப்பதுதான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. ஏற்கெனவே கிடக்கும் பனியின் மேல் கனமழை பெய்தால் ஆபத்து இன்னும் கூடும்: மழைநீரும் உருகிய நீரும் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளமாக இறங்கும்.

பனி போன இடம் மேலும் சூடாகிறது. புதுப்பனி தன்மேல் படும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். வெற்று மண்ணும் பாறையும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூடு அக்கம்பக்கத்துப் பனியையும் கரைக்கிறது.

இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் விவசாயிகளுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. ஆப்பிள் மரம் ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் பல நூறு மணி நேரக் குளிர் வேண்டும். குல்லு பள்ளத்தாக்கின் தாழ்வான தோட்டங்களில் அது போதாமல் போகவே, பலர் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாறிவிட்டார்கள். முன்பு ஆப்பிளுக்கு ஒவ்வாத கடுங்குளிர் நிலவிய லாஹௌல்-ஸ்பிதியில் இப்போது ஆப்பிள் நடுகிறார்கள்.